இரண்டு வேளைக்கும் காலையிலேயே போட்ட கையெழுத்து

இசக்கியம்மனை நம்பி வருகிற அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் சண்முகவடிவு எழுதுவது. வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை முடிந்ததும் ஒவ்வொருத்தராக எழுந்து அம்மன் செய்த உதவியைச் சொல்கிறீர்கள். நான் மட்டும் இதுவரை வாய் திறந்ததில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. அதெல்லாம் இல்லை, கத்திவிடுவேன். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். வாசிக்கிறவர்கள் நிதானமாக வாசியுங்கள்.

போன ஆடி மாதம் மூன்றாவது வியாழக்கிழமை, நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு பிள்ளை காணாமல் போனாள். அவள் காணாமல் போனதற்குக் காரணம் நான்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது சாட்சியே இல்லை.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. பேர் வேண்டாம். அங்கே பதினான்கு வருஷம் வணிகவியல் சொல்லிக் கொடுத்தேன். அதோடு கருத்தரங்கு, வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சி, தன்னம்பிக்கைப் பேச்சு என்று எது நடந்தாலும் ஒருங்கிணைப்பாளர் என்று என் பேரைத்தான் போடுவார்கள். பெருமையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் கருத்தரங்கெல்லாம் ஏன் ஆனியிலும் ஆடியிலும் வந்து குவிகிறது தெரியுமா? மற்ற மாதங்களில் கூப்பிட்டால் வெளியூர்ப் பேச்சாளர்களுக்குத் தேதியே இருக்காது. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எல்லாருக்கும் தேதி கிடைத்துவிடும். குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிடுவார்கள். காலையில் ஐந்தருவியில் குளித்து, இட்லி வடை சாப்பிட்டு, ஈரத்தலையோடு மேடை ஏறும்போது மணி பதினொன்று நெருங்கும். ஒன்பதரைக்கே உட்கார வைத்த பிள்ளைகள் அதுவரை குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வருகைத்தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அருவிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். மேடையில் பேசுகிறவர் நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவார். போட்டோவில் அரங்கம் காலியாகத் தெரிந்தால், பின்னால் தரம் பார்க்க வருகிற குழுவுக்கு எதைக் காட்டுவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளே நுழையும்போதே போனையும் அடையாள அட்டையையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வது, நிகழ்ச்சி முடிந்ததும் திருப்பித் தருவது. பெரிய கதவில் ஒருத்தர் காவல். முதல்வர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது நான் கண்டுபிடித்ததில்லை, ஆனால் நானும் செய்தேன். வருகைத்தாளில் முற்பகலுக்கு ஒரு கட்டம், பிற்பகலுக்கு ஒரு கட்டம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாளைச் சுற்றுக்கு விட்டால் அரங்கத்தில் களேபரம். அதனால் இரண்டு கட்டத்திலும் காலையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவோம். பத்து மணிக்கே சாயங்காலம் நாலரை வரைக்கும் எல்லாரும் இருந்ததாகத் தாள் தயாராகிவிடும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தோம்.

அந்த வியாழக்கிழமை ஆரம்பித்தது இரண்டு நாள் கருத்தரங்கு. தலைப்பு, மகளிர் தன்னம்பிக்கையும் வேலைவாய்ப்பும். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரங்கத்தை நிரப்ப எல்லாத் துறையிலிருந்தும் பெண் பிள்ளைகளை வகுப்பை நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஆளுக்கு ஒரு சணல் பை கொடுத்தோம். அதிலும் அந்தத் தலைப்பு அச்சடித்திருந்தது. வெளியே விடாமல் மழை.

பேச்சாளர் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் இருக்கும். கோமதி சுவரை ஒட்டியே நடந்து என்னிடம் வந்தாள். என் வகுப்பில் மூன்றாம் வருஷப் பிள்ளை, சுரண்டைப் பக்கம் ஊர். கேட்டால்தான் பேசுவாள், கேட்காவிட்டால் நாள் பூராவும் பேசமாட்டாள். வெளியே போகணும் மேடம் என்றாள். எதற்கு என்றேன். என் பக்கத்தில் போட்டோ எடுக்கிற ஆளும் ஒரு வாத்தியாரும் நின்றார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவசரம் மேடம், போனையும் குடுத்திருங்க என்றாள்.

அன்றைக்குக் காலையில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இதே பாட்டுப் பாடியிருந்தார்கள். எனக்கு எரிச்சல். கேள்வி நேரத்துக்காக என் கையில் ஒரு மைக் வைத்திருந்தேன். அது ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது.

"அருவில குளிக்கணும்னா லீவு போட்டுட்டுப் போடி. இங்கன வந்து உக்காந்து எதுக்கு என் உயிர வாங்குதே? போய் இரு."

அரங்கம் முழுக்கக் கேட்டது. மேடையில் இருந்தவர் பேச்சை நிறுத்தி, குற்றாலத்தில் இருந்துகொண்டு குளிக்காமல் இருக்கச் சொன்னால் எப்படி மேடம் என்று ஒரு ஜோக் அடித்தார். முன்னூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோமதி திரும்பி நடந்தாள். அந்தச் சணல் பையை இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அதைப் பார்த்தேன். அக்காமார்களே, உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பதிமூன்று வயதிலிருந்து நானும் எத்தனை தடவை அப்படி நடந்திருப்பேன்? இருந்தும் புரியவில்லை. எனக்கு நாற்காலி நிறைந்திருக்கிறதா என்பதுதான் கவலை.

கேன்டீன் பக்கத்துக் கதவு வழியாக மேடைக்கு டீ கொண்டுவந்தபோது அவள் வெளியே போயிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு குரூப் போட்டோ எடுக்கும்போது இடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தேன். போட்டோ நன்றாக வந்தது.

சாயங்காலம் போன்களைத் திருப்பிக் கொடுத்த பிறகு பையில் ஒரு போனும் ஒரு அடையாள அட்டையும் மிஞ்சின. அட்டையில் கோமதியின் முகம். நாளைக்கு வாங்கிக்கொள்வாள் என்று மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏழு மணிக்கு முதல்வர் கூப்பிட்டார். போனேன். அவருடைய அறையில் கோமதியின் அப்பா சுப்பையா அண்ணாச்சி நின்றார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து விவசாயம் பார்க்கிறவர். சுரண்டையிலிருந்து மழையில் நனைந்துகொண்டே பைக்கில் வந்திருக்கிறார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஆறு மணி பஸ்ஸில் வரவேண்டிய பிள்ளை வரவில்லை, போன் அடிக்கிறது, எடுக்கவில்லை, மத்தியானத்திலிருந்தே எடுக்கவில்லை என்றார். போன் என் டிராயரில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதில் இருபத்தொரு தடவை அப்பா என்று வந்திருந்தது.

முதல்வர் வருகைத்தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தார். நாலரை வரைக்கும் உங்கள் மகள் அரங்கத்தில் இருந்திருக்கிறாள், இதோ கையெழுத்து, போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதற்குப் பிறகு நடந்ததற்குக் கல்லூரி எப்படிப் பொறுப்பாகும் என்றார். அதோடு விட்டாரா? பையன் யாராவது உண்டா, வீட்டில் விசாரித்தீர்களா என்று கேட்டார். பெற்ற மகளைக் காணாமல் வந்து நிற்கிற மனுஷனிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதானா? அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"மேடம், சாயங்காலம் எம் பிள்ளைய நீங்க பாத்தியளா?"

முதல்வரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அந்தத் தாளில் கீழே ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து என்னுடையது. பிள்ளை காலையிலேயே போய்விட்டாள் என்று சொன்னால் தாள் பொய், கருத்தரங்கு பொய், நான் பொய்.

"கூட்டத்துல கவனிக்கல அண்ணாச்சி."

இப்படித்தான் சொன்னேன். தூக்கம் வராத ராத்திரிகளில் இன்னும் இந்த வார்த்தை எனக்குக் கேட்கிறது. என்னை நானே அறைந்துகொண்டாலும் தகும்.

போலீசில் புகார் கொடுத்தார்கள். தாளை வைத்துத்தானே தேடுவார்கள்? நாலரை மணிக்குப் பிறகு தென்காசி பேருந்து நிலையக் கேமராவில் யார் யார் தெரிகிறார்கள் என்று பார்த்தார்கள். நாலரைக்குப் பிறகு சுரண்டைக்குப் போன பஸ் கண்டக்டர்களை விசாரித்தார்கள். அதற்குள் யாரோ ஒரு பிள்ளை, கோமதி அருவிக்குப் போகப் பார்க்கிறாள் என்றுதான் காலையில் மேடம் ஏசினார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். சாயங்காலம் அருவிக்குத்தான் போயிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே வெள்ளம். எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். சுப்பையா அண்ணாச்சி விடிய விடிய மெயின் அருவிப் பாலத்தில் நின்று, செக்கச்செவேலென்று ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அந்த மனுஷனை அங்கே நிறுத்தி வைத்தது என்னுடைய ஒரு வார்த்தை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷர்தான். ஆனால் நீயாகப் போய் வாயைக் கொடுக்காதே, வேலை போய்விடும், பிள்ளை எப்படியும் விடிந்தால் வந்துவிடுவாள் என்றார். நானும் அதை நம்பப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சணல் பைதான் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் ஏன் அதை அப்படிப் பிடித்திருந்தாள் என்று. தீட்டுக் கறையை மறைக்கத்தான். படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்தால் ஆடி வெள்ளி. ஐந்தரைக்கெல்லாம் நம் இசக்கி கோயிலுக்கு வந்தேன். உங்களில் சிலர் பொங்கல் பானையோடு நின்றீர்கள். என்னம்மா வெறுங்கையோடு வந்திருக்கிறாய் என்று ஒரு அக்கா கேட்டார்கள். பூ இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. கும்பிடவும் இல்லை. சண்டை போடத்தான் வந்தேன்.

இடுப்பில் பிள்ளையோடு, கையில் சூலத்தோடு நிற்கிறாளே, அவளை நேருக்கு நேர் பார்த்து நின்றேன். உதட்டுக்குள்ளேதான் பேசினேன். ஆனால் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"ஊர்ப் பிள்ளையெல்லாம் ஒன் இடுப்புல இருக்குன்னு சொல்லுதாவ. ஒருத்தி ராத்திரி பூரா மழையில எங்கன கெடக்கான்னு தெரியல. ஒனக்கு ரெண்டு கண்ணு என்னத்துக்கு? அவ எங்கன இருக்கான்னு வாயத் தொறந்து சொல்லு. சொல்லலன்னா நீ அம்மையும் இல்ல, நான் இனி இந்தப் பக்கம் வாரதும் இல்ல."

காத்திருந்தேன். உங்கள் அனுபவங்களில் எல்லாம் பூ விழும், பல்லி சொல்லும், யாருக்காவது அருள் வந்து சொல்லும். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. பூசாரி அவர் பாட்டுக்கு மஞ்சணைப் பிரசாதத்தை எடுத்து நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன். இசக்கிமேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஒன்பது மணிக்குக் கல்லூரிக்குப் போனால் வாசலில் கோலம். வரவேற்பு மேஜையில் பன்னீர்ச் சொம்பு. இரண்டாம் நாள் கருத்தரங்கு நடக்கிறது! ஒரு பிள்ளையைக் காணவில்லை, அவளுடைய அப்பா அருவிக்கரையில் நிற்கிறார், இங்கே வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சி. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்துவிட்டார், நிறுத்தினால் கல்லூரிக்குக் கெட்ட பேர் என்றார்களாம். துணிப்பையோடு கதவில் இன்னொரு டீச்சர் நின்று போன் வாங்கிக்கொண்டிருந்தாள். தாளில் பிள்ளைகள் இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் எஸ்.ஐ. வந்திருந்தார். சுப்பையா அண்ணாச்சியும் வந்திருந்தார், நேற்று உடுத்திய அதே ஈர வேட்டியோடு. எஸ்.ஐ. என்னிடம், அந்தப் பிள்ளையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் வாயெடுக்கும் முன்னால் முதல்வர் பதில் சொன்னார். சாயங்காலம் போன் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில் மேடம் பார்த்திருக்கிறார்கள், அப்படித்தானே மேடம் என்றார். ராத்திரி கவனிக்கவில்லை என்று சொன்னது, விடிந்ததும் பார்த்தேன் என்று ஆகிவிட்டது.

உள்ளதைச் சொல்கிறேன். நான் தலையாட்டத்தான் நினைத்தேன். கோயிலில் அவ்வளவு சவடால் அடித்துவிட்டு வந்தவள், அங்கே தலையாட்டத்தான் நினைத்தேன். வேலை, வீடு, பதினான்கு வருஷம் எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்தது. கழுத்து அசையவில்லை. வாய் திறந்தது.

"பதினோரு மணி. காலையில."

அது என் குரல் இல்லை. நான் வகுப்பில் கூட அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. வெளியே வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதல்வர், மேடம் யோசித்துப் பேசுங்கள் என்றார்.

"யோசிச்சதெல்லாம் போதும் சார். நேத்து யோசிச்சுத்தான் பொய் சொன்னேன். இந்தத் தாள் காலையில பத்து மணிக்கே போட்டது. ரெண்டு கட்டமும் அப்பவே போட்டது. பிள்ள பதினொன்னுக்கே போயிட்டா. நான் ஏசினதுல போயிட்டா."

அதற்குப் பிறகு நிற்கவில்லை. மைக், ஜோக், சிரிப்பு, சணல் பை, போட்டோவுக்கு நான் நிரப்பின நாற்காலி, எல்லாம் கொட்டினேன். சணல் பையை அவள் எப்படிப் பிடித்திருந்தாள் என்று சொன்னபோது எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு மேல் அரை மணி நேரம்தான். கல்லூரிக்கு எதிரே ஒரு டீக்கடை, அதில் கேமரா உண்டு. ராத்திரி அதில் நாலரைக்குப் பிறகு மட்டும் பார்த்திருக்கிறார்கள். இப்போது பதினொரு மணியிலிருந்து ஓட்டினார்கள். பதினொன்று இருபத்தைந்துக்குக் கோமதி. மழையில் குடையில்லாமல், பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, வடகரைக்குப் போகிற மினிபஸ்ஸில் ஏறுகிறாள்.

அதைப் பார்த்ததும் அண்ணாச்சி அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். வடகரையில் அவருடைய மச்சினன் வீடு இருக்கிறது. ராத்திரியே போனில் கேட்டிருக்கிறார். அவர்கள் குடும்பத்தோடு சென்னைக்குப் போயிருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

"வீடு பூட்டிக் கெடந்தா என்ன, தோப்பு தெறந்துல்லா கெடக்கு," என்றார். "பம்பு செட்டுல குளிக்கப் போயிருப்பா. சின்னதுல இருந்து அங்கனதான் கெடப்பா."

சுரண்டைக்குப் போகிற பஸ்ஸில், அந்தக் கறையோடு, அவ்வளவு தூரம் எப்படிப் போவாள்? ஆள் இல்லாத இடம், தண்ணீர் இருக்கிற இடம் ஒன்று வேண்டும் அவளுக்கு. மாமா தோப்புதான் பக்கம். போலீஸ் ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். யாரும் வா என்று சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை.

தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. இரண்டு நாளைக்கு முன்னால் யானை இறங்கி நாலைந்து தென்னையைச் சாய்த்துப் போட்டிருந்தது. அந்தப் பயத்தில் பக்கத்துத் தோப்புக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாய்ந்து கிடந்த மரத்தைத் தாண்டித் தாண்டி ஓடினோம். அண்ணாச்சி கோமதி, கோமதி என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் ஓடினார். மோட்டார் ரூமுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

தொட்டிப் படியில் பாசி. வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கத்தியிருக்கிறாள். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கையால் தரையை உந்தி உந்தி மோட்டார் ரூம் வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறாள். ராத்திரி பூராவும் வெளியே யானை மரம் முறிக்கிற சத்தம் கேட்டதாம். போன் இருந்திருந்தால் ஒரே ஒரு அழைப்பு போதும். போன் என் டிராயரில். உடம்பு கொதித்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தச் சணல் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள்.

அண்ணாச்சி தூக்கினார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இது.

"அப்பா, நான் அருவிக்குப் போகலப்பா."

தண்ணீர் கேட்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை. நான் அந்தச் சகதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண் போலீஸ் ஒருத்திதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், இன்னும் ஒரு ராத்திரி இப்படிக் கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்று. வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் போனில் கல்லூரிக் குழுவிலிருந்து படம் வந்தது. மாலை, பொன்னாடை, சிரித்த முகங்கள். இரண்டு நாள் கருத்தரங்கு இனிதே நிறைவுற்றது என்று எழுதியிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று என் பேரும் இருந்தது. போனைச் சுவரில் எறிந்திருப்பேன், ஆஸ்பத்திரி என்பதால் எறியவில்லை.

அந்த வராந்தாவில்தான் எனக்குப் புரிந்தது. வாயைத் திற என்று இசக்கியிடம் கேட்டேன். அவள் என் வாயைத் திறந்தாள். பிள்ளை இருக்கிற இடத்துக்கு வழி என் வாய்க்குள்ளேதான் இருந்தது, நான்தான் பூட்டி வைத்திருந்தேன். மனசாட்சி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என் மனசாட்சி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது ராத்திரி பூராவும் என்னோடுதான் கிடந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது அவள்.

மறுவாரம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மாணவி அனுமதி இல்லாமல் ஒழுங்கை மீறி வெளியேறினாள் என்று நான் எழுதித் தரவேண்டுமாம். எழுதித் தந்தால் என்மேல் நடவடிக்கை இருக்காதாம். ஒழுங்கா? யார் ஒழுங்கை மீறியது? கிழித்து முதல்வர் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தேன். ஆவணி பிறக்கும் முன்னால் வேலை போய்விட்டது. முதல்வர் இன்னும் முதல்வராகத்தான் இருக்கிறார். அந்த ஜோக் அடித்தவர் இந்த வருஷமும் சீசனுக்கு வந்து இன்னொரு கல்லூரியில் பேசினதாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

இப்போது தென்காசியில் ஒரு பயிற்சி மையத்தில் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். கதவைச் சாத்துவதில்லை. ஒரு பிள்ளை எழுந்து வெளியே போகணும் என்றால் ஏன் என்று கேட்பதில்லை. காலியாக இருக்கிற இடம் காலியாக இருக்கட்டும், ஆனால் அது யாருடைய இடம், அவள் எங்கே என்று கேட்காமல் பாடத்தை ஆரம்பிக்க மாட்டேன். இதைப் பெரிய மாற்றம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலிலிருந்தே இப்படித்தானே இருந்திருக்க வேண்டும்?

கோமதி காலில் கம்பி வைத்துத் தேறி, தேர்வு எழுதி, இப்போது திருநெல்வேலியில் மேற்படிப்புப் படிக்கிறாள். புரட்டாசியில் ஒரு நாள் சுரண்டைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா காபி கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் மேடம், நான் ஒங்க கிளாஸ்ல ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்திருக்கேன், ஒரு நாளாவது பொய் சொல்லியிருக்கேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். பெறவு ஏன் மேடம் என்றாள்.

இசக்கிக்கு நான் பட்டு எடுத்துச் சாத்தவில்லை, கிடா நேரவும் இல்லை. அந்தப் பிள்ளையை உயிரோடு கொடுத்தாள். அதற்கு நான் எதைக் கொடுத்தாலும் காணாது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து அவள் முன்னால் நிற்கிறேன், அவ்வளவுதான்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அவளிடம் வாருங்கள். பூ இல்லாவிட்டாலும் வாருங்கள். கோபத்தோடு வந்தாலும், நாக்கில் நரம்பில்லாமல் ஏசினாலும் அவள் விரட்டமாட்டாள், என்னை விரட்டவில்லை. ஆனால் ஒன்று. அவளிடம் எதையாவது கேட்கப் போகும்போது, யாரிடமும் சொல்லாமல் நீங்கள் ஒளித்து வைத்திருப்பது எது என்று ஒரு தடவை யோசித்துவிட்டுப் போங்கள். நீங்கள் கேட்டதைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் உங்களிடம் அதைத்தான் கேட்பாள்.